அனுமதி மே மாதத்திலேயே வந்துவிட்டது. என் அறை ஏன் இன்னும் மூடியிருக்கிறது?

ஆசிரியர் அவர்கட்கு,

வணக்கம். தங்கள் பத்திரிகையின் சென்ற இதழில் வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். கோவிட் தொற்றினால் தொழிலை நிறுத்தியிருந்த மசாஜ் சிகிச்சையாளர்களுக்கு 2020 மே 26ஆம் திகதியே மீண்டும் திறக்க அனுமதி கிடைத்துவிட்டது, முடிதிருத்தும் கடைகள்கூட ஜூன் 24 முதல் ரொறன்ரோவில் இயங்குகின்றன, அப்படியிருக்க அதே நகரின் ஸ்காபரோவில் நம்மவர்கள் சிலர் ஆகஸ்ட் பிறந்த பின்னரும் கதவைத் திறக்காமல் அரசாங்கத்தின் இரண்டாயிரம் டொலர் உதவித்தொகையில் காலம் கழிக்கிறார்கள் என்று அவர் குறைபட்டிருந்தார். தமக்கு நீண்டகாலமாக நாரிப்பிடிப்பு இருப்பதாகவும் எழுதியிருந்தார். அந்த நோவோடு ஐந்து மாதங்களாக இருக்கும் ஒருவருக்குக் கோபம் வருவது நியாயமே. ஸ்காபரோவில் ஒரே அறையில், உதவியாளர் எவருமின்றித் தொழில் செய்யும் பதிவுபெற்ற மசாஜ் சிகிச்சையாளர் என்ற முறையில் அவருக்குப் பதில் சொல்லும் கடமை எனக்கு உண்டு. மார்ச் நடுப்பகுதியில் மூடிய அறையை நானும் இன்னும் திறக்கவில்லை.

அனுமதி என்று நாம் சொல்வது என்ன என்பதை முதலில் தெளிவுபடுத்த வேண்டும். ஒன்ராறியோவில் மார்ச் 17ஆம் திகதி அவசரகால நிலை அறிவிக்கப்பட்டு, இரண்டு நாள் கழித்து மாகாணத்தின் தலைமை மருத்துவ அதிகாரி டேவிட் வில்லியம்ஸ் தமது இரண்டாம் இலக்கப் பணிப்புரையை வெளியிட்டபோது, அவசரமில்லாத சிகிச்சைகள் அனைத்தையும் நிறுத்தவோ மிகக் குறைந்த அளவுக்குக் கொண்டுவரவோ வேண்டும் என்று சுகாதாரத் தொழில் செய்வோர் எல்லோருக்கும் சொல்லப்பட்டது. மே 26இல் திருத்தப்பட்ட அதே பணிப்புரை, சிகிச்சைகளைப் படிப்படியாக மீண்டும் தொடங்கலாம் என்றது. ஆனால் எதை முதலில் தொடங்குவது, யாரை முதலில் பார்ப்பது, எந்த நாளில் தொடங்குவது என்பவற்றை அவரவர் தொழில்சார்ந்த தீர்ப்புக்கு விட்டுவிட்டது. முடிதிருத்துவோருக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்னதாக எமக்கு இந்த வாய்ப்புக் கிடைத்தமைக்கு எங்கள் கைகளில் வைரஸ் ஒட்டாது என்பது காரணமன்று. 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒழுங்குபடுத்தப்பட்ட சுகாதாரத் தொழிலாக மசாஜ் சிகிச்சை இம்மாகாணத்தில் இருப்பதும், தொற்றுத் தடுப்பில் எமக்குப் பயிற்சி இருப்பதும், யார் எப்போது வந்தார் என்ற பதிவேடுகளை நாம் பேண வேண்டியிருப்பதும், தவறு செய்தால் எம்மை விசாரிக்க ஓர் அமைப்பு இருப்பதுமே காரணம். உங்களால் பாதுகாப்பாகச் செய்ய முடியும் என்று நீங்கள் கருதினால் திறக்கலாம் என்பதுதான் அந்த அனுமதியின் பொருள். கருதுவது என் வேலையாகிவிட்டது. அந்த வேலையை ஒழுங்காகச் செய்ய எனக்குக் காலம் தேவைப்பட்டது.

மே 26ஆம் திகதியை நான் மறக்க முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. முதியோருக்கான நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்கள் ஐந்தில் பணிபுரிந்த கனேடியப் படையினர் தாம் கண்டவற்றை எழுதிய அறிக்கை பகிரங்கமானதும் அதே நாளில்தான். அந்த ஐந்து இல்லங்களில் ஒன்று ஸ்காபரோவில் உள்ளது. என்னிடம் வருபவர்களில் கணிசமானோர் அத்தகைய இல்லங்களில் முதியவர்களைத் தூக்கியும் திருப்பியும் குளிப்பாட்டியும் தங்கள் தோளையும் நாரியையும் கெடுத்துக்கொண்ட நம் பெண்கள். ஏனையோர் தொழிற்சாலைகளிலும் களஞ்சியங்களிலும் உணவகச் சமையலறைகளிலும் வேலை செய்பவர்கள். சிலர் லொறி ஓட்டுபவர்கள். இவர்களுள் ஒருவர்கூட வீட்டிலிருந்து கணினியில் வேலை செய்யும் வாய்ப்புப் பெற்றவர் அல்லர். ரொறன்ரோ பொதுச் சுகாதாரத் துறை ஜூலை இறுதியில் வெளியிட்ட விபரத்தின்படி, இந்நகரின் மக்கள்தொகையில் 52 வீதமான வெள்ளையரல்லாத இனத்தவர்கள் தொற்றுக்கு உள்ளானோரில் 83 வீதமாக இருக்கிறார்கள். இதற்கு நமது உடல் காரணமல்ல. நாம் செய்யும் வேலையும், நாம் ஏறும் பேருந்தும், மூன்று தலைமுறை ஒன்றாக வாழும் நம் வீடுகளுமே காரணம். என் அறையில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்று ஏற்பட்டால் அது அடுத்த நாளே ஒரு முதியோர் இல்லத்துக்கும், அன்றிரவே ஓர் அம்மம்மாவின் கட்டிலருகுக்கும் போய்ச் சேரக்கூடும். வேறு சூழலில் வேலை செய்யும் ஒரு சிகிச்சையாளர் ஜூன் மாதத்தில் திறந்ததை நான் குறை சொல்லவில்லை. அவரிடம் வருபவர்கள் வேறு, அவர்கள் திரும்பிச் செல்லும் வீடுகளும் வேறு.

அவசரப்பட்டுத் தளர்த்துவதால் என்ன நேரும் என்பதை அறிய இந்த நகரம் வேறெங்கும் தேடிப்போக வேண்டியதில்லை. 2003ஆம் ஆண்டு சார்ஸ் நோய் ரொறன்ரோவில் முதலில் பரவியது ஸ்காபரோவின் ஒரு மருத்துவமனையிலிருந்துதான். அவ்வாண்டு மே நடுப்பகுதியில், நோய் அடங்கிவிட்டது என்று எண்ணி அவசரகால நிலை நீக்கப்பட்டு, மருத்துவமனைகளிலும் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்ட சில நாட்களில் நோர்த் யோர்க்கில் இரண்டாவது பரவல் வெளிப்பட்டது. கனடாவில் சார்ஸால் இறந்தோர் 44 பேர். பின்னர் அதை விசாரித்த நீதிபதி ஆர்ச்சி காம்பெல் ஆணைக்குழு திரும்பத் திரும்ப வலியுறுத்திய கோட்பாடு, ஆபத்தைக் குறைக்கும் நியாயமான நடவடிக்கையை எடுப்பதற்கு முழுமையான விஞ்ஞான உறுதிப்பாடு வரும்வரை காத்திருக்கக்கூடாது என்பதாகும். அந்த அறிக்கை மருத்துவமனைகளுக்காக எழுதப்பட்டதென்றாலும், என்னைப் போன்ற ஒரு தனியாளின் அறைக்கும் அது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

இனி அறையைப் பற்றிச் சொல்கிறேன். என் தயக்கத்தின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. பிளாசா ஒன்றின் மேல்மாடியில், நடைபாதையின் உட்புறமாக, யன்னல் இல்லாத ஓர் அறையில் நான் தொழில் செய்துவந்தேன். தெருச் சத்தம் கேட்கக்கூடாது, குளிர் காற்றுப் படக்கூடாது, கதவு மூடியிருக்க வேண்டும், வெளிச்சம் மங்கலாக இருக்க வேண்டும் என்று நான் பார்த்துப் பார்த்துத் தேர்ந்த அறை அது. மசாஜுக்கு நல்லவையாக இருந்த அத்தனை குணங்களும் இந்த நோய்க்கும் நல்லவையாகிவிட்டன. இரண்டு மீற்றர் இடைவெளி என்பது எங்கள் தொழிலில் பேச்சுக்கே இடமில்லாதது. குப்புறப் படுத்திருப்பவரின் கழுத்தையும் தோளையும் உருவும்போது நான் மேசையின் தலைமாட்டில் குனிந்து நிற்கிறேன். நிமிர்ந்து படுக்கும்போது அவருடைய முகத்துக்கும் என் முகத்துக்கும் இடையில் இருப்பது ஒரு முழங்கை நீளம் மட்டுமே. அவ்வாறு ஒரு மணி நேரம் இருவரும் ஒரே காற்றைச் சுவாசிக்கிறோம். முகக்கவசத்துடன் குப்புறப் படுத்து, முகத்துக்கான துவாரத்துக்குள் மூச்சு விடுவது ஆஸ்துமா உள்ளவருக்குப் பெரும் சிரமம்; அதற்கு மாற்று, கர்ப்பிணிப் பெண்களுக்குச் செய்வதுபோல ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகைப் பார்ப்பது. அதனால் வேலை மெதுவாகும் என்றாலும் இயலாத காரியமன்று.

துணிகளும் மேசையும் கைகளும் எனக்குக் கவலை தருபவையல்ல. ஒவ்வொருவருக்கும் புதிய விரிப்பு, புதிய துவாய், புதிய தலையணை உறை என்பது முன்பும் இருந்த வழக்கம். முழங்கைவரை சவர்க்காரமிட்டுக் கழுவுவதும் அப்படியே. கிருமிநீக்கிப் போத்தலில் மத்திய அரசின் சுகாதாரத் துறையான ஹெல்த் கனடாவின் பதிவிலக்கம் இருக்கிறதா என்று பார்ப்பதும், தெளித்த உடனே துடைத்துவிடாமல் அதில் எழுதியுள்ள நிமிடங்கள்வரை மேற்பரப்பை ஈரமாக விட்டுவைப்பதும் கடினமான காரியங்களல்ல. (கடைகளில் பலர் தெளித்த கையோடு துடைத்துவிடுகிறார்கள், அது வாசனைக்குத்தான் உதவும்.) கடினமானது காற்றுத்தான். ஜூலை 6ஆம் திகதி 239 விஞ்ஞானிகள் உலக சுகாதார அமைப்புக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தில், மூடிய இடங்களின் காற்றில் மிதக்கும் நுண்துளிகள் மூலம் இந்நோய் பரவக்கூடும் என்பதைக் கருத்திற்கொள்ளுமாறு கேட்டார்கள். மூன்று நாட்களின் பின்னர் அந்த அமைப்பும், காற்றோட்டம் குறைந்த, நெரிசலான உள்ளிடங்களில் அதை மறுத்துவிட முடியாது என்று எழுதியது. என் அறையில் நெரிசல் இல்லை. ஆனால் நேரம் அதிகம், காற்று குறைவு.

வெப்பமூட்டல், குளிரூட்டல் வேலை செய்யும் நண்பர் ஒருவரை அழைத்து வந்து அளந்து பார்த்தபோது, அந்த அறையின் காற்று மணிக்குச் சுமார் இரண்டு தடவை மாத்திரமே மாறுகிறது என்றார். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையங்கள் மருத்துவமனைகளுக்காக வெளியிட்டுள்ள அட்டவணை ஒன்று இருக்கிறது. மணிக்கு இரண்டு தடவை காற்று மாறும் அறையில் மிதப்பவற்றில் 99 வீதம் அகல 138 நிமிடங்கள் ஆகும்; ஆறு தடவை மாறினால் 46 நிமிடங்கள் போதும்; பன்னிரண்டு தடவை என்றால் 23 நிமிடங்கள். அதாவது, முன்னர் ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையில் நான் விட்ட கால் மணி நேரத்தில் விரிப்பு மாறும், மேசை சுத்தமாகும், காற்று அப்படியே இருக்கும். முதலில் வந்தவர் விட்ட மூச்சை அடுத்து வருபவர் முகக்கவசத்தின் ஊடாக இழுத்துக்கொண்டு படுத்திருப்பார். இந்தக் கணக்கைப் பார்த்த பின்னர் அந்த அறையில் வேலை தொடங்க எனக்கு மனம் வரவில்லை.

முகக்கவசம் போதாதா என்று கேட்பவர்கள், மிசூரி மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரச் சிகை அலங்கார நிலையம் பற்றி ஜூலை நடுவில் வெளியான ஆய்வைச் சுட்டிக்காட்டுவார்கள். அங்கு தொற்றும் நோய்க்குறிகளும் இருந்த இரு பணியாளர்கள் 139 வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்திருக்கிறார்கள். இரு தரப்பினரும் முகக்கவசம் அணிந்திருந்தார்கள். வாடிக்கையாளர் எவருக்கும் நோய் வந்ததாகத் தெரியவில்லை. எனக்கும் அது பெரும் ஆறுதல் தந்த செய்தி. முகக்கவசம் அணிய மறுப்பவரைத் தொடுவதில்லை என்ற என் முடிவு அதனால் உறுதிப்பட்டது. எனினும் அவர்களில் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 67 பேர் மட்டுமே. தலைமுடி வெட்டுவதற்கு அங்கே பெரும்பாலும் கால் மணி நேரந்தான் எடுத்திருக்கிறது, என் வேலைக்கு அதைப்போல் நான்கு மடங்கு. ஆகவே முகக்கவசம் வேண்டும், காற்றும் வேண்டும் என்றே அந்த ஆய்வை நான் வாசிக்கிறேன்.

வருபவரிடம் கேள்வி கேட்டுத் தெரிவு செய்வது பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, மணம் தெரிகிறதா, தொற்றாளர் எவருடனாவது பழகினீர்களா என்று முதல் நாள் தொலைபேசியிலும் பின்னர் வாசலிலும் கேட்கிறோம். நோய்க்குறி தோன்றுவதற்கு இரண்டு நாட்கள் முன்பே ஒருவரால் தொற்றைக் கடத்த முடியும் என்பதால், உண்மை பேசுபவரும் தெரியாமல் கொண்டுவரலாம். அதற்கு மேல், உண்மை பேசவிடாத வழக்கம் ஒன்றை நாங்களே வைத்திருந்தோம். இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் முன்பதிவை இரத்துச் செய்தால் கட்டணம் அறவிடப்படும் என்ற அறிவித்தல் பல சிகிச்சை நிலையங்களில் இன்றும் தொங்குகிறது. காலையில் தொண்டை கரகரத்த ஒருவர் ஐம்பது டொலரை இழப்பதா, இருமலை விழுங்குவதா என்று யோசிக்கும்படி அவரைத் தள்ளிவிட்டு, பிறகு வாசலில் நின்று கேள்வி கேட்பதில் பயனில்லை. இந்த நோய் ஓயும்வரை அக்கட்டணத்தை எல்லோரும் கைவிட வேண்டும் என்று என் தொழிற்றோழர்களைத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். நோய்க்குறி சொல்லி வேலைக்குப் போகாமல் இருந்தால் சம்பளம் கிடைக்குமா என்பது இன்னும் பெரிய கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியது மாகாண அரசு.

கோவிட் வந்து குணமானவர்கள் விடயத்திலும் அவதானம் தேவை. இந்நோய் சிலருடைய இரத்தத்தை உறையச் செய்கிறது என்பது இப்போது மருத்துவர்களுக்குத் தெரிந்த செய்தி. காலின் ஆழ்நாளத்தில் இரத்தக்கட்டி இருக்கும் ஒருவருக்கு அந்தக் காலை அழுத்தி உருவினால் கட்டி இடம்பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். எங்கள் படிப்பில் முதல் ஆண்டே சொல்லித்தரும் எச்சரிக்கை இது. ஏப்ரலில் நோய் வந்து மீண்டவர் எவரேனும், கால் உளைகிறது, ஒரு தடவை பிடித்துவிடுங்கள் என்று வந்தால், குடும்ப வைத்தியரின் கடிதம் இல்லாமல் நான் தொடமாட்டேன். வீட்டில் நல்லெண்ணெய் பூசி உருவிவிடும் உறவினர்களும் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

பணத்தைப் பற்றி அந்த வாசகர் எழுதியதற்கும் பதில் தர வேண்டும். நான்கு வாரத்துக்கு இரண்டாயிரம் டொலர் உதவித்தொகையை நானும் பெற்றேன். அதில் வெட்கப்பட எதுவுமில்லை. ஆனால் அதன் விதி எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அந்த நான்கு வாரத்தில் செலவு போக ஆயிரம் டொலர்வரை உழைக்கலாம். அதற்கு மேல் போனால் இரண்டாயிரமும் இல்லை. எங்களைப் போன்றோருக்குப் பாதுகாப்பான வழி, நாளுக்கு இரண்டு மூன்று பேரைப் பார்த்து, இடையில் அறையைக் காற்றாட விட்டு, மெல்ல மெல்லத் தொடங்குவது. அந்த வழியில் போகிறவரைத்தான் இவ்விதி தண்டிக்கிறது. ஒன்றில் முழுதாக மூடியிரு, இல்லையேல் அறையை நிறைத்துவை என்று அது சொல்கிறது. வாடகைச் சலுகைத் திட்டத்திலும் இதே கோளாறுதான்: அரசுகள் பாதியைத் தரும், கால்வாசியைக் குடியிருப்பவர் கட்டுவார், கால்வாசியைக் கட்டட உரிமையாளர் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு; ஆனால் விண்ணப்பிக்க வேண்டியவர் உரிமையாளர். அவர் விரும்பாவிட்டால் எனக்கு வழியில்லை, என் விடயத்தில் அவர் விரும்பவில்லை. ஜூன் மாத நடுவில் வாடகைக் கணக்கைப் பார்த்த ஓரிரவு, அடுத்த நாளே திறந்துவிடலாம் என்று நானும் எண்ணியதுண்டு. எத்தனை பேர் அந்த நெருக்கடியில் திறந்திருப்பார்கள் என்பதை நினைக்க எனக்குக் கவலையாக இருக்கிறது. அது அவர்களுடைய குற்றமன்று.

என் முடிவு இதுதான். மே மாதப் பிற்பகுதியில் இம்மாகாணத்தில் நாளொன்றுக்கு முந்நூறு, நானூறு என்று இருந்த புதிய தொற்றுகள் இப்போது நூற்றுக்கும் கீழே இறங்கியுள்ளன. பரிசோதிக்கப்படுவோரில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானவர்களுக்கே நோய் காணப்படுகிறது. ஆகவே ஆபத்து குறைந்திருக்கும் காலம் இது என்பதை மறுக்கவில்லை. அதே பிளாசாவில், திறக்கக்கூடிய யன்னலுள்ள சிறிய அறை ஒன்றை ஒழுங்கு செய்திருக்கிறேன். வாடகை சற்று அதிகம். காற்று வடிகட்டும் கருவி ஒன்றும் வாங்கியிருக்கிறேன். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் திறப்பேன். காலையில் இருவர், மாலையில் இருவர் என்ற அளவுக்கு மேல் போகமாட்டேன். நோவினால் வேலைக்குப் போகவோ உறங்கவோ முடியாதவர்களே முதலில். களைப்பாற வருபவர்கள் பொறுத்திருக்க வேண்டும். முதியோர் இல்லங்களில் வேலை செய்பவர்களை விலக்கிவைக்கும்படி சிலர் ஆலோசனை சொன்னார்கள். அவர்கள்தான் அதிகம் நொந்திருப்பவர்கள் என்பதால் அதற்கு நான் உடன்படவில்லை. அவர்களை நாளின் இறுதி நேரத்துக்கு வைத்துக்கொள்வேன், அவர்களுக்குப் பின் அந்த அறை இரவு முழுவதும் காற்றாடும்.

செப்டெம்பரில் பாடசாலைகள் திறந்து, பிள்ளைகள் வகுப்பறையிலிருந்து நேரே அம்மம்மாவின் மடிக்குத் திரும்பும்போது எண்ணிக்கை எப்படி மாறும் என்பதைப் பார்க்க வேண்டும். ஸ்காபரோவில் அது தொடர்ந்து இரண்டு வாரங்கள் ஏறினால், அரசாங்கம் சொல்லும்வரை காத்திராமல் நான் மீண்டும் மூடுவேன் என்பதை இப்போதே என்னிடம் வருபவர்களுக்கு அறிவித்திருக்கிறேன். சென்ற இதழில் எழுதிய அன்பர் விரும்பினால், அதற்கு முன்னரே தமது நாரிக்கு என்ன செய்யலாம் என்பதைத் தொலைபேசியில் கட்டணமின்றிச் சொல்லித்தர ஆயத்தமாக இருக்கிறேன். தங்கள் அலுவலகத்தில் என் இலக்கம் உண்டு.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். ரொறன்ரோ பொதுச் சுகாதாரத் துறை இந்நகரின் 140 குடியிருப்புப் பகுதிகளுக்கும் தனித்தனியே தொற்று எண்ணிக்கையை இணையத்தில் வெளியிடுகிறது. அவற்றுள் ஸ்காபரோப் பகுதிகளின் எண்களை மட்டுமாவது, சென்ற வாரத்து எண்ணுடன் சேர்த்து, ஒவ்வோர் இதழிலும் தமிழில் தாங்கள் அச்சிட முடியுமானால், ஆங்கிலப் பக்கங்களுக்குப் போகாத முதியவர்களும், என்னைப் போல் தனியே முடிவெடுக்க வேண்டிய சிறு தொழில் செய்வோரும் அதைப் பார்த்துக்கொள்வார்கள். இதைச் செய்ய அரைப் பக்கமும் தேவைப்படாது.

இப்படிக்கு,
பதிவுபெற்ற மசாஜ் சிகிச்சையாளர் ஒருவர்,
ஸ்காபரோ, ஒன்ராறியோ.
ஆகஸ்ட் 2020